ஏழாம் கட்டத்தில் எழுத வேண்டியது

இது ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் அக்கா புதன் என்கிறார். அருங்காட்சியகக் காப்பாளரைக் கேட்டால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "கிழமையா முக்கியம்?" என்கிறார். அந்தப் பெண்ணின் புடவை பச்சையா நீலமா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை. ஆனால் காலை பத்தேகாலுக்கு, இரண்டாம் அறையில், கப்பல் கேப்டனின் சாய்வு நாற்காலியில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அது வீட்டுப் புழக்கச் சாமான்களுக்கான சின்ன அருங்காட்சியகம். முதல் அறையில் பூட்டுகள், இரண்டாவதில் நாற்காலிகள், மூன்றாவதில் தராசுகள், நான்காவதில் எந்த அறையிலும் சேராதவை. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் கூட்டம் என்று பெயர். காப்பாளர் தூசித் துணியோடு சுற்றி வந்தபோதுதான் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். செருப்பு இரண்டும் நாற்காலிக்கு அடியில் ஜோடியாக இருந்தன. மடியில் ஒரு தோல் பை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

காப்பாளர் நுனிக்காலில் பின்வாங்கி, டிக்கெட் அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"யாரு இது?"

"தெரியலையே சார். தண்ணி பிடிக்கப் பின்பக்கம் போயிருந்தேன். அப்ப வந்திருக்கும்."

"உட்காரக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கோமே."

"மாட்டியிருக்கோம் சார். அதுமேலதான் தலை வச்சிருக்காங்க."

இருவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள்.

"தட்டி எழுப்பிடட்டுமா?" என்றார் அக்கா.

காப்பாளர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். அந்த நாற்காலியின் இடது கையை ஒரே ஒரு கம்பிதான் பிடித்திருந்தது, அதுவும் அரை மனதாக. வருஷம் ஒருமுறை ஒட்டடை அடிக்கும்போதே அது முனகும்.

"தூங்குற வரைக்கும் தாங்கும் அக்கா. பதறி எழுந்தாங்கன்னா கை தனியா வந்துடும்."

"அப்ப தூங்கட்டும்."

"தூங்கட்டும்னா எப்படி? நான் அறிக்கையை அனுப்பிட்டேனே."

அறிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்தந்த நாளின் அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். தபால் வண்டி வருவதோ காலை ஒன்பதரைக்கு. மாலையில் எழுதினால் மறுநாள் முத்திரை விழும். அறிக்கையின் தேதியும் முத்திரையின் தேதியும் வேறு வேறாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள். அதனால் காப்பாளர், அவருக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் எல்லாரும் காலை ஒன்பது மணிக்கே அன்றைய நாளை எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்த நாள் நடக்கும்.

படிவம் ஆங்கிலத்தில். ஏழாம் கட்டம், 'அன்டுவார்ட்' சம்பவம் ஏதாவது உண்டா என்று கேட்டது. 'நோ அன்டுவார்ட் இன்சிடென்ட்' என்று காப்பாளர் எழுதுவார். ஆறு வருஷமாக எழுதுகிறார். கையெழுத்து அழகாக ஆகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தை தினமும் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்காருகிற ஆளைப் போலத்தான் அவருக்கு. முகம் தெரியும், ஆளைத் தெரியாது. எப்போதும் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுவதால் தலைமை அலுவலகத்தில் அவருக்கு 'நத்திங் சார்' என்றே பெயர்.

மற்ற நாளாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். ஆனால் ஆறு வருஷமாக அவர் இங்கே, மனைவி வேறொரு ஊரில். ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். மனைவிக்கு அங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் போவார். போகும்போதெல்லாம் அந்த வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கும்போது மனைவி சொல்லாமல், தானே எழுந்து போய் எடுத்துத் தருவாள். விருந்தாளிக்கு எடுத்துத் தருகிற மாதிரி. அந்த ஊரிலும் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. மாற்றல் கேட்டு நான்கு முறை எழுதியாகிவிட்டது. ஐந்தாவது மனு இந்த மாதம் மேஜைக்கு வருகிறது. ஏழாம் கட்டத்தில் கறை இல்லாதவருக்குத்தான் முதல் உரிமை என்பது விதி. பொய் அறிக்கை என்று பிடிபட்டால் விதி வேறு.

காப்பாளர் அறைக்குப் போய்ப் பழைய அகராதியைப் புரட்டினார். அக்காவும் கூடவே வந்து எட்டிப் பார்த்தார்.

"எதிர்பாராத. விரும்பத்தகாத," என்று படித்தார் காப்பாளர்.

"அந்தம்மா வரும்னு எதிர்பார்த்தீங்களா சார்?"

"இல்லை."

"விரும்புறீங்களா?"

"அக்கா, இதென்ன கேள்வி."

"அப்ப அதேதான் சார். அகராதியில படம் போட்டா அந்தம்மா படத்தைத்தான் போடணும்."

காப்பாளர் அகராதியை மூடினார். சற்று யோசித்துத் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர் கோப்புகள் பார்க்கும் கிளார்க். காப்பாளரின் முகத்தைப் பார்த்ததில்லை, கையெழுத்தை மட்டும் பார்த்தவர்.

"சும்மா ஒரு சந்தேகம். காட்சிப் பொருள் மேல ஒருத்தர் உட்கார்ந்தா, அது ஏழாம் கட்டத்துல வருமா?"

"யாரு உட்கார்ந்தா?"

"யாரும் இல்ல. ஒரு உதாரணத்துக்கு."

"உதாரணத்துக்கு யாரும் காலங்காத்தால போன் பண்ண மாட்டாங்க சார்."

"ஒரு நண்பர் கேட்டார். வேற அருங்காட்சியகம்."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "சார், உங்க நண்பர் எப்படியோ போகட்டும். நீங்க இன்னைக்கு ஒருநாள் மட்டும் உங்க பக்கத்துல ஒண்ணும் நடக்காம பார்த்துக்கோங்க. ஏன்னு கேக்காதீங்க. நான் வாயால சொல்லக் கூடாது."

காப்பாளர் போனை வைத்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார்.

"என்னவாம் சார்?" என்றார் அக்கா.

"யாரையோ அனுப்பியிருக்காங்க போல. சோதனைக்கு."

"ஐயோ சார், அந்தம்மாவே சோதனைக்கு வந்ததோ என்னவோ."

"சோதனைக்கு வந்தவங்க தூங்குவாங்களா?"

"எங்க மாமா மகன் சோதனை அதிகாரிதான் சார். அவன் தூங்கறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணி நாங்க பார்த்ததில்ல."

சோதனைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், வரும்போது அந்தப் பெண் கண்ணில் படக் கூடாது, அவள் விழித்து நாற்காலியை உடைக்கவும் கூடாது என்று முடிவானது. காப்பாளர் நான்காம் அறையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றைக் கொண்டுவந்து நாற்காலியைச் சுற்றிக் கட்டினார். மற்ற நாற்காலிகளுக்குக் கயிறு கிடையாது. உள்ளே வந்த மூன்று பேர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கயிற்றண்டை போய் நின்றார்கள்.

அடுத்து, 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஓர் அட்டை எழுதி வைத்தார். வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள்.

"அசதியா இருக்கும். எவ்வளவு நேரம் பராமரிச்சாங்களோ," என்றார் ஒருவர்.

சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தபோது அந்தப் பெண் புரண்டாள். நாற்காலி முனகியது. காப்பாளர் ஓடிப்போய் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினார். ஜன்னல் திரையையும் இழுத்து விட்டார். அறை இதமான அரை இருட்டானது. அந்தப் பெண் ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு டீச்சர் நாற்பது மாணவிகளோடு வந்தார். மூன்று மாதத்துக்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தார். காப்பாளருக்குத்தான் மறந்துபோயிருந்தது. அவர் இரண்டாம் அறை வாசலில் கைகளை விரித்து நிற்பதற்குள் பாதி வரிசை உள்ளே போய்விட்டது.

டீச்சர் கயிற்றருகே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"மெழுகா சார்?" என்றார் டீச்சர்.

வாழ்க்கையில் பொய்யே சொல்லாதவர் இல்லை காப்பாளர். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒன்று எழுதுகிறவர்தான். ஆனால் அது எழுத்து. இது வாய்.

"மெழுகுதான்," என்றார். "புதுசு."

"தத்ரூபமா இருக்கு. மூச்சு விடற மாதிரியே செஞ்சிருக்காங்க."

"மிஸ், பொம்மை மூக்கைச் சொறியுது," என்றாள் முன்வரிசைப் பெண்.

"உள்ளே மோட்டார் இருக்கும்மா," என்றார் காப்பாளர்.

"அது என்ன பொம்மைன்னு எழுதலையே மிஸ். நோட்டுல என்ன எழுதுறது?"

காப்பாளர் பராமரிப்பு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம், 'ஓய்வெடுக்கும் பயணி' என்று எழுதி வைத்தார். நாற்பது பேனாக்கள் அதைக் குறித்துக்கொண்டன.

மாணவிகள் மூன்றாம் அறைக்குப் போனதும் காப்பாளர் டீச்சரை ஓரமாக அழைத்தார். "நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

"இங்கிலீஷ்."

காப்பாளருக்கு ஆறு வருஷத்தில் முதல் முறையாக யாரையோ சரியான நேரத்தில் சந்தித்த உணர்வு வந்தது. "டீச்சர், இந்த அன்டுவார்ட்ங்கிற வார்த்தைக்கு சரியான பொருள் என்ன? எங்கெங்க பயன்படுத்தலாம்?"

டீச்சர் உற்சாகமானார். "நல்ல கேள்வி சார். அது தனியா வீட்டை விட்டு வெளியே வராத வார்த்தை. 'நோ'வோ 'நத்திங்'கோ துணைக்கு இருந்தாத்தான் வரும். பேப்பர்ல பார்க்கறோம்ல, அசம்பாவிதம் எதுவும் நிகழவில்லைன்னு. என்னைக்காவது, 'இன்று காலை ஒரு அசம்பாவிதம் நிகழ்ந்தது, மக்கள் திரண்டு பார்த்தனர்'னு போட்டிருக்கானா? நடக்கலைன்னு சொல்லத்தான் அந்த வார்த்தையே இருக்கு."

"அப்ப நடந்துட்டா?"

"நடந்துட்டா அதோட சொந்தப் பேரைச் சொல்லிடுவாங்க. தீ, திருட்டு, அடிதடி."

"தூக்கம்?"

டீச்சர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "தூக்கம் எப்படி சார் அதுல வரும்?"

காப்பாளருக்கு உயிர் வந்தது. அது அரை மணி நேரம் தங்கியது.

டீச்சர் போகிற வழியில் சொன்னாரோ, நாற்பது மாணவிகளும் வீட்டில் சொன்னார்களோ, இரண்டு மணிக்கு வாசலில் வரிசை நின்றது. மூக்கைச் சொறிகிற பொம்மை என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்று மணிக்கு வரிசை தெருமுனையைத் தொட்டது. டிக்கெட் அக்கா ஒரு முழுக் கட்டைத் தீர்த்துவிட்டு, பீரோவுக்குப் பின்னாலிருந்து பழைய கட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்.

"சார், எப்ப சொறியும்னு கேக்கறாங்க. நேரம் ஏதாவது சொல்லலாமா?"

"அக்கா, நீங்களும் சேர்ந்துக்காதீங்க."

"இல்ல சார், சிலபேர் கைக்குழந்தையோட நிக்கறாங்க."

காப்பாளர் இரண்டாம் அறையை மூடச் சொன்னார். மூடியதும் சத்தம் எழுந்தது. பார்வையாளர் புத்தகத்தில் ஒரே மணி நேரத்தில் பதினாறு புகார்கள் ஏறின. 'மற்ற நாற்காலிகளிலும் பொம்மை வைக்கவும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நான் பார்க்கும்போது அது குறட்டை விட்டது, அருமை' என்று இன்னொருவர்.

நான்கு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்லையே."

அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. இந்த ஆறு வருஷத்தில் போனில் பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். ஒருவர் மௌனம் இன்னொருவருக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் சொன்னார். கயிறு, அட்டை, மெழுகு, மோட்டார் எல்லாவற்றையும்.

"பாவம்," என்றாள் மனைவி. "எங்கேர்ந்து பஸ்ல வந்தாளோ. கழுத்து வலிக்கப் போகுது. ஒரு தலையணை வைக்கக்கூடவா தோணலை உங்களுக்கு?"

"என் மாற்றல் போகப் போகுதுடி."

"போனா ஆறாவது மனு எழுதுங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கே." பிறகு சற்று நிறுத்தி, "முதல்ல தலையணை வைங்க," என்றாள். அவள் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் இறங்கியதைக் காப்பாளர் கவனித்தார். கவனிக்காத மாதிரி போனை வைத்தார்.

தன் நாற்காலியிலிருந்த பஞ்சு மெத்தையை எடுத்துப்போய், குண்டூசியில் நடப்பவர் போல் நடந்து, அந்தப் பெண்ணின் கழுத்துக்கு அடியில் நுழைத்தார். அவள் தூக்கத்திலேயே, "தேங்க்ஸ்," என்றாள்.

ஐந்து மணிக்கு அக்கா வாசல் கதவைச் சாத்தினார். கூட்டம் கலைந்தது. சோதனைக்கு என்று யாரும் வரவில்லை. காப்பாளர் இரண்டாம் அறையைத் திறந்து, நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நின்றுபோன கடிகாரத்தில் மணி பதினொன்றாகவே இருந்தது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில் அந்தப் பெண்ணின் மூச்சை எண்ணலாம் போலிருந்தது.

எதிர்பாராதது, விரும்பத்தகாதது. அகராதி இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தது. ஆறு வருஷமாக, எதிர்பாராதது எதுவும் உள்ளே வந்துவிடாதபடி அவர் வாசலில் நின்றிருக்கிறார். விரும்பத்தக்கது ஏதாவது வந்திருந்தால் அதையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருப்பாரோ என்று முதல் முறையாகத் தோன்றியது. அந்த நினைப்பு பிடிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

ஐந்து பத்துக்கு அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். பதறவில்லை. கையை ஊன்றி, தன் வீட்டு நாற்காலியிலிருந்து எழுவது போல எழுந்தாள். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை.

"மணி என்னங்க?"

"அஞ்சு பத்து."

"அடடா." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கழுத்துக்கடியில் இருந்த மெத்தையைப் பார்த்தாள். "காலையில வந்தேன். கவுன்ட்டர்ல யாரும் இல்ல. ராத்திரி முழுக்க பஸ்ஸு. காப்பாளர் வர்ற வரைக்கும் ஒரு நிமிஷம் உட்காரலாம்னு நினைச்சேன்."

"நான்தான் காப்பாளர்."

அவள் சங்கடத்தோடு சிரித்தாள். பையைத் திறந்து ஒரு நீள உறையை எடுத்து நீட்டினாள். "இல்லைங்க," என்றாள் மெதுவாக. "நான்தான் காப்பாளர்."

காப்பாளர் உறையைப் பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். மனைவி இருக்கும் ஊரின் பெயர் அதில் இருந்தது. அந்த ஊர் அருங்காட்சியகத்திலிருந்து இந்தப் பெண் இங்கே, இங்கேயிருந்து அவர் அங்கே.

"இன்னைக்கு நண்பகல்லேர்ந்து உங்களை விடுவிச்சாச்சு," என்றாள் அவள். "மத்தியானத்துக்கு மேல இங்க நடந்ததுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. ஏதாவது நடந்ததா சார்?"

காப்பாளர் திரை விலகாத ஜன்னலைப் பார்த்தார்.

அறை வாசலில் சாவிக் கொத்தோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டிக்கெட் அக்காதான் பேசினார்.

"அப்ப, மத்தியானத்திலேர்ந்து டிக்கெட் எடுக்காம உள்ள சுத்திக்கிட்டிருந்த ஆளு நீங்கதான் சார்."

காப்பாளர் அன்று ஒரு டிக்கெட் எடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனார். அந்தப் பெண் இன்றும் இங்கேதான் காப்பாளர். டீச்சர் வருஷம் தவறாமல் மாணவிகளை அழைத்து வந்து பொம்மை எங்கே என்று கேட்கிறார், பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறார். டிக்கெட் அக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். கிளார்க்குக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. காப்பாளரும் மனைவியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவ்வப்போது சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.